பரீட்சை வந்தால் கடையில் ஆள் இல்லை

எனக்குப் பரீட்சை வந்தால்தான் முதலாளிக்கு ஆள் தட்டுப்பாடும் வருமா? "தம்பி, ஒருக்கா வந்து கல்லாவில இருந்திட்டுப் போங்கோ" என்பார். கொழும்பு வெள்ளவத்தையில் துணிக்கடை, தீபாவளி நேரம் வேறு. ஒரு அக்கா முப்பது சாரி விரித்துப் பார்த்துவிட்டு, "பிறகு வாறன்" என்று போவா. மடிப்பது யார்? நான்தான். அப்புறம் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு லெக்சர் நோட்ஸ் படிக்க வேண்டும். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்கோ) என்று சிங்களத்தில் சொல்லித் தள்ளுகிறார். எங்கே போவது, டிரைவர் மடிக்கா? கம்பஸில் லெக்சருக்கு 80 வீத வரவு வேண்டுமாம். சம்பளமோ அறை வாடகைக்கும் போட்டோகொப்பிக்குமே சரி. இதற்குள் அம்மா போனில் கேட்கிறா: "உழைக்கிறாய்தானே, மிச்சம் பிடிக்கிறியா?"