பஞ்சுருட்டான் பஞ்சாயத்து

(தென்னந்தோப்பு ஓரம். மின்கம்பியில் நாலு பச்சைப் பஞ்சுருட்டான் — தேனீ தின்னும் சின்னப் பறவை. கீழே பத்து தேனீப் பெட்டி.)

முருகேசன்: அண்ணாச்சி, அந்தக் கவட்டைவில்லை எடுங்க. நாலு பேரு வரிசையா உக்காந்து என் பெட்டியைக் காலி பண்ணுதானுவ!

அண்ணாச்சி: சும்மா கெடலே. சிட்டுக்குருவி அளவு உடம்பு. அதுக்குப் போய் கவட்டையா?

முருகேசன்: அந்த வாலைப் பாருங்க, என்ன திமிரு!

அண்ணாச்சி: நடுவுல ரெண்டு இறகு மட்டும் கம்பி மாதிரி 5 செ.மீ. நீட்டிக்கிட்டு நிக்கும். கண்ணுல மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. கழுத்துலயும் ஒண்ணு.

முருகேசன்: திருட வாறவனுக்கு மை வேற! கொட்டு வாங்க மாட்டானா?

அண்ணாச்சி: அந்தா கெளம்பிட்டான் பாரு! அந்தரத்துல புடிச்சு, உக்காந்த இடத்துக்கே வந்துட்டான். தேனீ தலையைக் கம்பியில டக்கு டக்குன்னு அடிக்கான். செத்துட்டா? இப்ப பிடியை மாத்தி, கொடுக்கு இருக்க பக்கத்தைத் தேய் தேய்னு தேய்க்கான். விஷம் வெளிய போயிரும். பொறவுதான் முழுங்குவான்.

முருகேசன்: நான் மீன் கழுவுததுகூட இவ்வளவு சுத்தமில்லையே!

அண்ணாச்சி: குளவி, வண்டு, தட்டானும் திங்கான். அதையெல்லாம் நீ கணக்குல சேக்க மாட்டே.

முருகேசன்: ராணியைத் தூக்கிட்டான்னா?

அண்ணாச்சி: அது நியாயம். புது ராணி இணைசேரப் பறக்கையில புடிச்சுட்டா, பெட்டியில முட்டை விழாது, கூட்டம் அழிஞ்சுரும். ஆனா கம்பிக்கு நேர் கீழ, வெட்டவெளியில பந்தி வச்சது யாரு? மரத்தடிக்கு மாத்து.

முருகேசன்: இப்பவே தூக்கிருதேன்.

அண்ணாச்சி: ஏலே! அம்பதடி ஒரேயடியாத் தூக்குனா, மேயப்போன தேனீ பழைய இடத்துக்கே வந்து சுத்திக்கிட்டு கெடக்கும். பொழுது சாஞ்ச பொறவு, தினம் ரெண்டு மூணு அடி நகத்து.

முருகேசன்: அதுக்குள்ள இவன் குடும்பமே பெருத்துருமே! கூடு எங்க?

அண்ணாச்சி: வாய்க்கா மணல் கரையில. அலகால கொத்தி, காலால மண்ணைத் தள்ளி, அஞ்சடி வரைக்கும் வளை தோண்டுவான். உள்ள புல்லு, பஞ்சு ஒண்ணும் விரிக்க மாட்டான். வெறுந்தரையில 3லேருந்து 5 வெள்ளை முட்டை, கோலிக்குண்டு மாதிரி.

முருகேசன்: கூட்டுலயும் பஞ்சு இல்லையா? அப்ப எதைத்தான் உருட்டுதான்?

அண்ணாச்சி: தின்ன பூச்சியோட ஓடு, றெக்கை செரிக்காது. வயித்துலயே உருட்டி, சின்ன உருண்டையாக் கக்கிருவான்.

முருகேசன் (அண்ணாந்து, வாயைப் பிளந்து): உருண்டையா? எங்க அண்ணாச்சி?

அண்ணாச்சி: வாயை மூடிக்கிட்டுப் பாருலே!

முருகேசன்: த்தூ... த்தூ!

அண்ணாச்சி: உருட்டிட்டான்லா.