"மக்கள் இன்னும் தயாராகவில்லை" என்று யார் முடிவு செய்தது?

போன வாரம் வீட்டு விருந்தில் பேச்சு முற்றிவிட்டது. 2023 சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் தமிழரான தர்மனுக்கு ஏன் ஓட்டுப் போட்டீர்கள் என்று யாரோ கேட்டார்கள். "நம்ம ஆளு, அதான் போட்டேன்" என்றார் சித்தப்பா. உடனே என் தம்பி மகள், "அப்படின்னா சீனர்கள் சீனருக்குப் போட்டா மட்டும் ஏன் தாத்தா இனவாதம்னு சொல்றீங்க?" என்று கேட்டாள். சித்தப்பாவிடம் பதில் இல்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சிங்கப்பூரில் நூற்றுக்கு 74 பேர் சீனர், 13 சொச்சம் மலாய்க்காரர், இந்தியர் 9 பேர். அதிபர் தேர்தலில் எட்டில் ஒரு பங்கு ஓட்டுக்கு மேல் வாங்காவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். இந்தியர் அத்தனை பேரும் ஒரே ஆளுக்குப் போட்டாலும் அந்தத் தொகைகூடத் தேறாது. சித்தப்பாவின் பாசம் யார் வழியையும் மறிக்காது. அதே பாசத்தை 74 பேர் காட்டினால் மற்றவர்களுக்குக் கதவு மூடிவிடும். செய்கை ஒன்றுதான், ஆனால் அதன் கனம் வேறு.

ஆனால் அந்த 74 பேர் அப்படிச் செய்யவில்லையே! எதிரில் நின்ற இருவருமே சீனர்கள். தர்மனுக்கு விழுந்தது 70.4 விழுக்காடு. அவருடைய சின்னம் அன்னாசி. ஹொக்கியன் மொழியில் அன்னாசியை 'ஓங் லாய்' என்பார்கள், அதிர்ஷ்டம் வருகிறது என்றும் அது காதில் விழும். எங்கள் புளோக்கில் நாலாவது மாடியில் இருக்கும் சீனப் பாட்டி, முடிவு வந்த மறுநாள் மின்தூக்கியில் என்னைப் பார்த்து "ஓங் லாய்! ஓங் லாய்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தப் பாட்டியின் தலைமுறையைப் பற்றித்தான் 2019ல் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் பேசினார். சீனர் அல்லாத பிரதமருக்கு மூத்த தலைமுறை தயாராக இல்லை என்றார். 1988ல் அன்றைய பிரதமர் லீ குவான் யூவும் அமைச்சர் எஸ். தனபாலன் பெயரைச் சொல்லிவிட்டு, இந்தியர் ஒருவரைப் பிரதமராக ஏற்க நாடு தயாராகவில்லை என்றார். என்னைக் கேட்டால், இனவாதம் என்ற சொல்லை வைக்கவேண்டிய இடம் இதுதான். சொன்னவர்கள் மனதில் வெறுப்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை, வெறுப்பே தேவையில்லை. மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று ஆளும் கட்சி முன்கூட்டியே ஒருவரை ஒதுக்கிவிட்டால், மக்கள் ஏற்பார்களா என்பது கடைசிவரை தெரியாமலே போகும். அதிபர் பதவி வேறு, அதிகாரம் உள்ள பிரதமர் பதவி வேறு என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2015 பொதுத் தேர்தலில் நாட்டிலேயே அதிக விழுக்காடு ஓட்டு வாங்கியது தர்மன் தலைமை தாங்கிய ஜூரோங் அணிதானே, 79 விழுக்காடு.

குழுத்தொகுதி விஷயத்தில் எனக்குத் தெளிவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொகுதியில் பலர் ஒரே அணியாகப் போட்டியிடும் அந்த ஏற்பாடு 1988ல் வந்தது. அணியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் நாடாளுமன்றத்தில் நம் முகங்கள் குறைந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்தினம் தனியாக, அதுவும் எதிர்க்கட்சிக்காரராக நின்று ஜெயித்தாரே! இன்று அணியில் வரும் இந்தியரைப் பார்த்து "கோட்டாவில் வந்தவர்" என்று காப்பிக் கடையில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு அவருக்கு எவ்வளவு வலிக்கும்!

2017ல் அதிபர் தேர்தலை மலாய் சமூகத்துக்கு ஒதுக்கினார்கள். ஹலிமா யாக்கோப் மட்டுமே தகுதி பெற்றதால் வாக்குப்பதிவே நடக்கவில்லை. போட்டி நடந்திருந்தால் நான் அவருக்குத்தான் போட்டிருப்பேன், பாட்டியும் போட்டிருப்பார் என்றே நம்புகிறேன். எங்களை யாரும் கேட்கவில்லை.