காணாமல் ஆக்கப்பட்டோரை ‘மனக்கண்ணால்’ கண்டறியலாம் என்ற செய்தி: உண்மை விளக்கம்

“தொலைவில் இருப்பவரை மனத்தாலேயே காணும் ஆற்றலை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ நிரூபித்துவிட்டது, காணாமல் போன உங்கள் உறவின் படத்தை அனுப்பினால் இருக்கும் இடத்தைச் சொல்வோம்” என்றொரு செய்தி வன்னி வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறானது.

அத்தகைய ஆய்வு நடந்தது உண்மைதான். 1970களில் தொடங்கி, பின்னாளில் ‘ஸ்டார்கேட்’ எனப் பெயர் பெற்ற அத்திட்டத்தை 1995இல் சிஐஏயின் வேண்டுகோளின்படி வெளி நிறுவனமொன்று மதிப்பிட்டது. ஆய்வுகூட முடிவுகள் தற்செயலை மிஞ்சியவை என்றார் புள்ளியியலாளர் ஜெசிக்கா அட்ஸ். உளவியலாளர் ரே ஹைமன் அதை ஏற்கவில்லை. இந்தக் கருத்து வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை. அறிவியல் எட்டாதவை இன்னும் பல இருக்கலாம். ஆனால், கிடைத்த விவரங்கள் தெளிவற்றவை என்பதும், எந்தவோர் உளவு நடவடிக்கைக்கும் அவை வழிகாட்டியதில்லை என்பதுமே அறிக்கையின் முடிவு. அதன்பின் திட்டம் கைவிடப்பட்டது. சிஐஏ இணையத்தளத்தில் இது தொடர்பான ஆவணங்களை எவரும் பார்க்கலாம்.

“தண்ணீருக்கு அருகே, மரங்கள் சூழ்ந்த கட்டடம்” என்று பதில் வந்தால், குளங்கள் நிறைந்த வன்னியில் அது எந்த ஊருக்குத்தான் பொருந்தாது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கி, பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு அணைத்தபடி வெயிலில் அமர்ந்த தாய்மாரிடம் இத்தகைய பதிலைக் கொடுப்பது பெருங்கொடுமை.

படம், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், பணம் எதையும் அனுப்பாதீர்கள். தேடல் தொடர்பான உதவிக்குச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவை நாடலாம். இச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராமல் அழித்துவிடுங்கள்.