லியோனின் சமையல் அரண்மனையில் பிறந்ததல்ல
பிரான்சின் லியோன் நகரத்து உணவகங்களைப் பற்றிய இந்தக் கட்டுரையில் வரும் "லியோன் பழைய நகரத்தின் உயர்தர உணவகங்கள் அரச குடும்பச் சமையலின் வாரிசுகள்" என்ற வரியை ஏற்க முடியவில்லை. அந்த நகரத்துச் சமையலை வளர்த்தவர்கள் 'மேர்', அதாவது 'அம்மா' என்று அழைக்கப்பட்ட பெண்கள். பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டுப் பிறகு சொந்தமாகக் கடை போட்டவர்கள் பலர். அவர்களில் ஒருவரான எழெனி பிராசியேவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் பண்ணையில் பன்றி மேய்த்தவர், வீட்டு வேலைக்கு லியோன் வந்தார், மேர் ஃபியூ என்ற இன்னொரு 'அம்மா'விடம் தொழில் கற்றார், 1921-இல் ரூ ரொயால் என்ற தெருவில் சின்னதாக உணவகம் திறந்தார். பிறகு இன்னொன்றும் திறந்தார். 1933-இல் இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று மிஷ்லின் நட்சத்திரம், அதாவது மிஷ்லின் உணவக வழிகாட்டி தரும் மிக உயர்ந்த மதிப்பு! பிரான்சின் புகழ்பெற்ற சமையல்காரர் போல் பொக்கூஸ் அவரிடம் வேலை பழகியவர்தான். பிரெஸ் வட்டாரக் கோழியின் தோலுக்கடியில் கறுப்பு டிரஃபிள் என்ற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானின் வில்லைகளைச் செருகி வேகவைக்கும் பிராசியேவின் அந்தப் புகழ்பெற்ற உணவில் கோழிதான் பேசும், அலங்காரம் கிடையாது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் இந்த உணவகங்களைப் பற்றி "நம்மைப் போன்றவர்கள் உள்ளே போகவே முடியாது" என்று எழுதியிருக்கிறார். இரவில் சரி, விலை மலைக்க வைக்கும். ஆனால் பல இடங்களில் வார நாள் மதியத்துக்கு நிர்ணய விலைச் சாப்பாடு உண்டு, இரவு விலையைவிட நன்றாகவே குறைவு. நானும் மனைவியும் அப்படித்தான் சாப்பிட்டோம். விலாங்கு போல நழுவும் மென்மையில் ஒரு கெனெல், அதாவது அரைத்த மீனில் செய்யும் கொழுக்கட்டை, நண்டுச் சாறு மணக்க. அப்புறம் பழைய நகரத்தின் ரூ சேன் ழான் என்ற கல் பாவிய தெருவில் சாயங்காலம் வரை நடந்தோம், இரவுச் சாப்பாடே தேவைப்படவில்லை.