ஏகாதசி வெண்பாவுக்குள் அடங்காது

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நூல் வெளியீடு. கூட்டம் முடிந்து வடையும் தேநீருமாக நின்றபோது ஒரு தங்கச்சி போனை நீட்டிக்கொண்டு வந்தார். பல்கலைக்கழக மாணவி. "அண்ணா, ரெண்டே ரெண்டு கேள்விதான். உங்களைப் பாதித்த கவிஞர்கள் யார்? நீங்க ஏன் எழுத வந்தீங்க?"

முதல் கேள்விக்குப் பாரதி, மஹாகவி, முருகையன், நுஃமான், சேரன், சிவரமணி என்று மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். இரண்டாவதற்குப் போர், இடப்பெயர்வு, பேச முடியாதவர்களின் குரல் என்று இன்னும் கொஞ்சம். பிள்ளைக்குச் சந்தோஷம். எனக்கும்தான். வீட்டுக்கு வந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்த பிறகுதான் வெட்கம் வந்தது.

சொன்னதில் ஒரு பெயரும் பொய்யில்லை. எல்லாரையும் வாசித்திருக்கிறேன். ஆனால் இருபது வயதுக்குப் பிறகுதான் வாசித்தேன். அதற்கு முன்பே நாலு வருசம் நான் காசுக்குக் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். அதை நான் எந்த நேர்காணலிலும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் மறதி இல்லை.

நான் எழுதியது கல்வெட்டு.

யாழ்ப்பாணத்துச் சாவீடு தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லிலே வெட்டுகிற கல்வெட்டு இல்லை இது. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், பிறகு திதி வெண்பா, பிறகு வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். இலக்கியக் கூட்டங்களில் ஒருவரை மட்டந்தட்ட வேண்டுமென்றால் "அது கல்வெட்டுக் கவிதை" என்று சொன்னால் போதும், ஆள் எழும்ப மாட்டார். நானே ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறேன். என்ன துணிவு பாருங்கள்.

இன்னும் பின்னால் போகிறேன். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டில் றேடியோ கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். பெடலைக் கையால் சுற்றும் வேலை என்னுடையது. பாட்டுக்கு மணிக்கணக்காகச் சுற்ற விடமாட்டார்கள், டயர் தேய்ந்துவிடும். செய்திக்கும் மரண அறிவித்தலுக்கும் மட்டும்தான் அனுமதி. கொழும்பிலும் வெளியிலும் இருக்கிற சொந்தக்காரர் யார் போனார் என்று எங்களுக்குத் தெரியவந்தது அந்த அறிவித்தலில்தான். அம்மா முன்னுக்குக் குந்தியிருப்பா. நான் சுற்றுவேன். கை ஓய்ந்தால் குரலும் இழுபட்டு ஓயும். "இன்னாரின் பாசமிகு..." என்று நிற்கும். "சுத்தடா, சுத்தடா" என்று அம்மா பதறுவா, யாருடைய பாசமிகு என்ன என்று தெரியாமல்.

இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான இன்னாரின் கனிஷ்ட புத்திரரும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும்... என்று 'உம்' மேல் 'உம்' ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் "ஆவார்" என்று இறங்கும். செத்துப்போன மனிதரைப் பற்றிய வசனம் 'ஆவார்' என்று முடிகிறது, 'ஆயிருந்தார்' என்று இல்லை. எத்தனை 'உம்' தாண்டிப் போனாலும் வினைமுற்று வரும்வரை கையை நிறுத்தக்கூடாது. ஒரு நீண்ட வரியை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதை எனக்குச் சொல்லித் தந்தது எந்த மகாகவியும் இல்லை, அந்தக் கவிழ்த்து வைத்த சைக்கிள்தான்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வு எல்லாருக்கும் தெரிந்த கதை, அதை நீட்ட மாட்டேன். தென்மராட்சி, கிளிநொச்சி, வவுனியா, பயண அனுமதிப் பாஸ், கொழும்பு. 1996இல் எனக்குப் பதினாறு வயது. பொலிஸ் பதிவுத் துண்டோடு கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டில் வந்து இறங்கினேன். பெரியப்பா ஒரு சின்ன அச்சகத்தில் கொம்பசிற்றர். ஈய எழுத்தைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்ப்பவர். அச்சகத்துக்கு வருகிற கல்வெட்டுகளை எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். ஆனால் அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது. கோர்ப்பதைக் கையே பார்த்துக்கொண்டது, எழுத முடியவில்லை. அதனால் நான்.

ஆட்கள் ஒரு கொப்பி ஒற்றையில் விபரம் எழுதிக்கொண்டு வருவார்கள். பெயர், ஊர், செத்த திகதி, பிள்ளைகள் எங்கெங்கே. கனடா, லண்டன், சுவிஸ். வந்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோதான். அழ வேண்டிய பிள்ளைகள் யாரும் இங்கே இல்லை. அவர்களுக்காக நான் அழ வேண்டும். ஒரு புலம்பலுக்கு 50 ரூபாய். வெண்பாவுக்குத் தனியாக 25.

அந்தத் திதி வெண்பாவில்தான் பெரியப்பா பொல்லாதவர். இறந்த ஆண்டு, மாதம், பிறை, திதி எல்லாம் நாலு வரிக்குள் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு ஒட்டும் விதி, தட்டாமல் வர வேண்டும். நவமி, தசமி சீர் வாய்பாட்டில் புளிமா, சொன்னபடி கேட்கும். அமாவாசை புளிமாங்காய், அதுவும் பரவாயில்லை. கரைச்சல் ஏகாதசியிலும் திரயோதசியிலும்தான். ஏகாதசி தேமாங்கனி, மற்றது புளிமாங்கனி. 'கனி' என்று முடிகிற கனிச்சீர் வெண்பாவுக்குள் வரக்கூடாது. "ஏகாதசி மரணம், துவாதசி தகனம்" என்று ஊரே கொண்டாடுகிற புண்ணியச் சாவு, வெண்பாவுக்குள் மட்டும் நுழையாது. முதல் தரம் நான் முழுசாக எழுதிக்கொண்டு போனபோது பெரியப்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தம்பி, ஏகாதசியில போனவரை உடைச்சுத்தான் உள்ளுக்கு விடவேணும்" என்றார். ஏகா என்று ஒரு சீர், தசி என்று இன்னொன்று. மாமுன் நிரை, தளை சரி. கடைசிச் சீராக வைத்தால் 'தசி' மலர் என்ற வாய்பாட்டில் அழகாக முடியும். இலக்கணத்தில் இதற்கு வகையுளி என்று பெயர். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. சொல்லை உடைக்கலாம், ஆனால் காரணத்தோடுதான் உடைக்க வேண்டும் என்று மட்டும் விளங்கியது.

பிற்பாடு மஹாகவியின் 'தேரும் திங்களும்' கைக்கு வந்தபோது, பேச்சுப்போல ஓடுகிற அந்த வரிகளுக்குள்ளே தளை பிசகாமல் நிற்பதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த வயதில் எண்ணத் தெரிந்திருந்தது என்றால் அது செத்தவர்கள் புண்ணியம். பட்டியலில் நான் மஹாகவி பெயரைச் சொல்வது சரிதான். அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைச் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

சரி, இதையெல்லாம் சொல்லிக் கல்வெட்டைக் கோயிலில் ஏற்றி வைக்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். முக்கால்வாசியும் குப்பை. என்னுடையவை உட்பட. "ஆலமரம் சாய்ந்ததுவோ" என்று எத்தனை ஆலமரங்களைச் சாய்த்திருப்பேன்! ஒரே பேரப்பிள்ளைகள் புலம்பலைப் பெயரை மட்டும் மாற்றி மூன்று வீடுகளுக்குக் கொடுத்தேன். அதில் இரண்டு வீடுகள் சம்பந்திகள். பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணத்தில் இரண்டு பகுதியும் சந்தித்து, கல்வெட்டுக் கதை வந்து, ஒருவர் மனப்பாடமாகச் சொல்ல மற்றவர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த வாரம் நான் அச்சகப் பக்கம் போகவில்லை.

ஏன் எழுத வந்தேன் என்றால், முதல் காரணம் அந்த 50 ரூபாய். இரண்டாவது காரணம் இன்னும் கேவலமானது. அச்சடித்த கட்டை எடுக்க வந்த ஒரு மருமகன் வாசலில் நின்று மக்கள் புலம்பலைப் புரட்டியவர், அப்படியே படியில் இருந்துவிட்டார். பெரிய மனிதர், ஆறடி. அழுதார். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தச் செத்தவரையும் தெரியாது, இவரையும் தெரியாது. எனக்குள்ளே துக்கம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. நான் எழுதியதற்கு ஓர் ஆள் அழுகிறார்! அந்தச் சந்தோஷம்தான் என்னை இன்றைக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. 'குரலற்றவர்களின் குரல்' எல்லாம் பிறகு போட்டுக்கொண்ட சால்வை.

மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. அது 1997 என்று நினைவு. பிழை பார்க்கிற புரூவ் தாள்க் கட்டோடு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போகிறேன். சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பையில் தமிழ்க் கையெழுத்தில் ஒரு கொப்பி, அச்சடித்த தாள்கள். அந்தக் காலத்தில் தமிழ்ப் பொடியன் ஒருவனிடம் அதுவே போதும். இராணுவத்தினன் என் வயதுதான் இருப்பான், ஒரு வயது கூட. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு அப்போது சிங்களத்தில் பத்துச் சொல் தெரியும். "மலகெதர" என்றேன். சாவீடு. அட்டையிலிருந்த கிழவியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தாள்களை அடுக்கி இரண்டு கையாலும் தந்தான். அன்றைக்கு எனக்குள் ஏதோ முடிவாகியது. என்னவென்று கேட்டால் இன்றைக்கும் சொல்ல வராது.

நான் இங்கே சண்டைக்கு வருவது ஒன்றுக்காகத்தான். எங்கள் கவிஞர்களின் 'பாதிப்புப் பட்டியல்' எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருப்பதற்குக் காரணம், எல்லாரும் ஒரே ஆட்களை வாசித்தது அல்ல. எல்லாரும் ஒரே விஷயங்களை மறைக்கிறோம். மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்தது, கலியாண வாழ்த்துமடல் எழுதியது, வானொலி விளம்பரத்துக்கு வசனம் போட்டது, பாட்டியின் ஒப்பாரியைக் களவெடுத்தது. பாரதியே 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்து செய்தி மொழிபெயர்த்தவர்தான். அந்த உரைநடைப் பழக்கம் அவருடைய பாட்டுக்குள் வரவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகை இலக்கிய இதழைத் தொடங்கினார். தன்னுடைய முடிதிருத்தும் சலூனை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை, மேடையில் சத்தமாகவே சொன்னார். சி. வி. வேலுப்பிள்ளை மலையகத் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்தார், தன் மண் எது என்று காட்டினார். எங்களுக்கு மட்டும் என்ன கூச்சம்?

இன்னொன்று. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் நினைவுமலர்களுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 புத்தகங்கள் எரிந்த சனம் நாங்கள். இப்போது ஒரு கிராமத்தின் வம்சாவளி, குளம், பள்ளிக்கூடம் கட்டிய கதை எல்லாம் இந்தப் 'பேப்பர்க் கல்வெட்டு'களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே நான் எழுதிய இரண்டைக் கண்டேன். ஆலமரம் அதிலும் சாய்ந்திருக்கிறது.

பெரியப்பா 2005 ஆவணியில் போனார். நம்புங்கள், ஏகாதசி. அவருக்குத் திதி வெண்பா நான்தான் எழுதினேன். காசு வாங்காத முதல் வெண்பா.

பார்த்திப ஆண்டினிலே ஆவணித் தேய்பிறையில்
கோர்த்தெழுத்துச் சேர்த்த பெரியப்பா – சீர்த்தியுடன்
எம்மை விடுத்திறைவன் இன்னடிக்கீழ்ச் சென்றடைந்த
செம்மைநாள் ஏகா தசி

முதலடியில் மோனை பிசகுகிறது, தெரியும். பெரியப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அதற்குள் ஈய எழுத்தெல்லாம் போய், கணினியில் பாமினி எழுத்துருவில் அடிக்கிற காலம் வந்துவிட்டது. அடித்த பெடியன் நல்ல பெடியன், கவனமானவன். கடைசிச் சொல்லில் நடுவில் இடைவெளி விழுந்திருப்பதைக் கண்டு, என்னிடம் கேட்காமலே அதைத் திருத்திவிட்டான். ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவின் மகன் போனில் சொன்னார்: "தம்பி, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை, அப்பா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்." நான் ஓம் என்றேன்.

200 பிரதி. 199இல் ஏகாதசி ஒன்றாகத்தான் கிடக்கிறது. என்னிடமிருக்கிற ஒன்றில் மட்டும் நீலப் பேனையால் நடுவில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.