போலந்து விமானிகளுக்கு வெறி மட்டும்தான் இருந்ததா?

இரண்டாம் உலகப் போர் பற்றிய பதிவுகளில் போலந்து விமானிகள் வந்தாலே ஒரே பல்லவிதான்: நாட்டை இழந்தவர்கள், ஜெர்மானியர் மீது வெறி, உயிரைத் துச்சமாக நினைத்துப் பாய்ந்தார்கள். வெறி இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெறியை மட்டும் வைத்துக்கொண்டு வானத்தில் எதையும் சுட்டு வீழ்த்த முடியாது. அவர்கள் தேர்ந்த தொழில்காரர்கள். அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை.

அன்றைய பிரிட்டனுக்கும் வரவில்லை. 1940 கோடையில் பிரிட்டன் வானில் ஜெர்மன் விமானப்படையோடு போர் நடந்தது, விமானிகளுக்குப் பஞ்சம். அப்படியும் இவர்களை நம்பவில்லை. 1939இல் ஜெர்மனி படையெடுத்தபோது போலந்து விமானப்படை மூன்று நாளில் சுருண்டுவிட்டது என்பதுதான் அங்கே பேச்சு. ஆகஸ்ட் தொடக்கத்தில் லண்டனுக்கு மேற்கே நார்தோல்ட் தளத்தில் போலந்து விமானிகளைக் கொண்டு உருவான 303ஆவது படைப்பிரிவைப் பயிற்சியிலேயே உட்காரவைத்தார்கள். போர் பார்த்துவிட்டு வந்த விமானிகள் மூன்று சக்கர சைக்கிளில் ஏறி, காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு, அணிவகுத்து மிதித்து ஆங்கிலக் கட்டளைகளைப் பழகினார்கள். இதை வெறும் அவமதிப்பு என்றும் தள்ளிவிட முடியாது. அவர்களுக்குக் கொடுத்த ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் வேகக் கைப்பிடி அவர்கள் பழகியதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்தது. சொந்த நாட்டுப் போர் விமானத்தில் சக்கரம் மடங்காது. இங்கே இறக்க மறந்தால் வயிற்றால் தரையைத் தேய்க்க வேண்டியதுதான். தேய்த்தவர்களும் உண்டு.

ஆகஸ்ட் 30 அன்று பயிற்சியின் நடுவே லுட்விக் பாஷ்கியெவிச் அணியை விட்டு விலகிப் போய் ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். மறுநாளே 303 களத்தில் இறங்கியது. ஆறு வாரங்களில் அவர்கள் கணக்கில் ஏறியவை 126 விமானங்கள். பிற்கால ஆய்வுகள் இதைக் குறைக்கின்றன. அன்றைய எல்லாப் படைப்பிரிவுகளின் கணக்குக்கும் அதே கதிதான். (அந்தப் பிரிவில் அதிகம் வீழ்த்திய யோசெஃப் ஃபிரான்டிஷெக் செக் நாட்டுக்காரர் என்பது தனிக்கதை.)

எப்படி முடிந்தது? ரேடியோவை நம்பாமல் பறந்து பழகியதால் அவர்களுடைய கண்கள் ஓயாமல் வானத்தைத் துழாவின. பிரிட்டிஷ் விமானிகள் தொலைவிலிருந்தே சுடத் தொடங்கும்போது இவர்கள் குறி தப்பாத தூரம் வரை நெருங்கிவிட்டுச் சுட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பைத்தியக்காரத் துணிச்சல். எனக்கு அது கணக்கு. போலந்துப் படைப்பிரிவுகள் இல்லாவிட்டால் அந்த வான்போரின் முடிவு இப்படியே இருந்திருக்கும் என்று சொல்லத் தயங்குவதாக அன்று பிரிட்டனின் போர் விமானப் பிரிவுக்குத் தளபதியாக இருந்த டவுடிங்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் 1945இல் பிரிட்டன் வார்சாவில் அமைந்த கம்யூனிஸ்ட் ஆதிக்க அரசை அங்கீகரித்தது. 1946 ஜூன் 8 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு. பிரிட்டனோடு நின்று போரிட்ட போலந்துப் படைகளில் விமானிகள் 25 பேருக்கு மட்டும் அழைப்பு. தரைப்படைக்கும் கடற்படைக்கும் இல்லை. தோழர்களை விட்டுவிட்டு வர முடியாது என்று அந்த 25 பேரும் மறுத்துவிட்டார்கள். வெறியர்கள் செய்கிற காரியமா இது?

ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் விடிவில்லை. போலந்து விமானிகளிலேயே அதிகம் வீழ்த்தியவர் ஸ்தானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கி. 1947இல் திரும்பினார், மறு ஆண்டே உளவாளி என்று கைது, பிறகு மரண தண்டனை. அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1956இல்தான் வெளியே வந்தார்.