விசுவாசக் குறைவு யாருடையது?

போன ஆண்டு என் தாயார் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்காரர், எண்ணெய் பூசி, தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். பிறகு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "விசுவாசத்துல கொஞ்சம் குறைவு இருக்கு, அதான் தடையா நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டியபடியே வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் சரியா ஜெபம் பண்ணலியோ, ய்யா?" என்று கேட்டார். நான்காவது கீமோ முடிந்து மூன்றாவது நாள் அது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர்மீது எனக்கு இருந்த கோபம் தணிந்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன வாக்கியம் ஆதிச் சபையின், அதாவது முதல் சில நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்களுடைய, போதனை என்று இன்றைக்கும் பலர் நம்புவதால், அந்தக் காலத்து எழுத்துகளில் நோயாளி எப்படி நடத்தப்பட்டான் என்பதை எழுதவேண்டும் என்று தோன்றியது. அற்புதங்கள் நடந்தனவா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதிய செல்சஸ்கூட, இயேசு எகிப்தில் மந்திரவித்தை கற்றுக்கொண்டு வந்தார் என்றுதான் குற்றம்சாட்டினார். எனக்கு முன்னால் இருக்கும் கேள்வி வேறு: சொஸ்தமாகாதபோது பழி யார்மேல் விழுந்தது?

சுவிசேஷங்களில் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்ற வார்த்தை இருக்கிறது, அதை மறைக்கவேண்டியதில்லை. பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் வருந்தி, வைத்தியர்களிடம் கையிலிருந்ததெல்லாம் செலவழித்து, நோய் அதிகமானதுதான் மிச்சம் என்று மாற்கு எழுதுகிற அந்தப் பெண்ணுக்கு அது சொல்லப்பட்டது. (இதே சம்பவத்தை எழுதுகிற லூக்கா, வைத்தியர்களால் நோய் அதிகமாயிற்று என்ற பகுதியை விட்டுவிடுகிறார். அவரும் வைத்தியர் என்ற மரபு உண்மையானால், தொழில் பாசம் யாரைத்தான் விட்டது!) ஆனால் அந்த வார்த்தை குணமானவர்களுக்குச் சொன்ன பாராட்டு. அதைத் தலைகீழாக்கி, குணமாகாதவர்களுக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக வாசிப்பது நாமாகச் செய்துகொண்டது.

பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருடம் கிடந்தவனை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைச் சொஸ்தமாக்கியவர் யார் என்பதே அவனுக்குத் தெரியாது என்று யோவான் எழுதுகிறார். பின்னால் ஆலயத்தில் அவனிடம் சொல்லப்படும் "இனிப் பாவஞ்செய்யாதே" என்ற எச்சரிக்கை கடினமானதுதான். இருந்தாலும் அது அவன் எழுந்து நடந்த பிறகு வருகிறது, படுக்கையில் கிடந்தபோது யாரும் அவனுடைய கணக்கைப் பார்க்கவில்லை. அலங்கார வாசலில் பேதுருவைப் பார்த்துக் கைநீட்டிய சப்பாணி, காசு கிடைக்கும் என்றுதான் பார்த்தான். பெத்சாயிதாவின் குருடனுக்கு முதல் தரம் கைவைத்தபோது மனிதர்கள் நடக்கிற மரங்களைப்போலத்தான் தெரிந்தார்கள். அவன் அதை ஒளிக்காமல் சொன்னான்; திட்டு வாங்கவில்லை, இரண்டாம் தரமும் கை வைக்கப்பட்டது.

இன்னும் நேரடியான சாட்சி, பிசாசு பிடித்த சிறுவனின் கதை. சீஷர்கள் முயன்றார்கள், முடியவில்லை. "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று தகப்பன் வெளிப்படையாகவே கதறினான். அவனுடைய மகன் குணமானான். எங்களால் ஏன் கூடவில்லை என்று சீஷர்கள் தனியே வந்து கேட்டபோது, "உங்கள் அவிசுவாசத்தினாலே" என்ற பதில் அவர்களுக்குத்தான் கிடைத்தது என்று மத்தேயு எழுதுகிறார். ஊழியக்காரர் அம்மாவிடம் சொன்ன வாக்கியம் வேதத்தில் இல்லாமல் இல்லை. அது ஊழியக்காரர்களைப் பார்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. யாக்கோபின் நிருபத்திலும் வியாதிப்பட்டவன் செய்யவேண்டியது மூப்பர்களை வரவழைப்பது மட்டுமே. எண்ணெய் பூசி, விசுவாசத்தோடு ஜெபிக்கவேண்டியது வந்தவர்களின் வேலை. நாசரேத்தைச் சிலர் உடனே எடுத்துக்காட்டுவார்கள். அங்கே அற்புதம் செய்யக்கூடாமற்போனதற்கு, இவன் தச்சனல்லவா என்று இளக்காரமாகப் பேசிய ஊராரின் அவிசுவாசமே காரணம்; அந்த ஊரிலும் சில நோயாளிகள் சொஸ்தமானார்கள் என்று அதே வசனத்தில் எழுதியிருக்கிறது.

சொல்லப்போனால், நோயாளியின் நம்பிக்கையை நிபந்தனையாக்காமல் இருப்பது கிறிஸ்தவத்துக்கே உரியதும் அல்ல. கிரேக்க நாட்டு எபிடாரசில் வைத்தியக் கடவுள் அஸ்கிலேபியஸ் கோவிலில், நோயாளிகள் இரவு படுத்துக் கனவுக்காகக் காத்திருப்பார்கள். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஒரு கண் பார்வையற்ற அம்புரோசியா என்ற ஏதென்ஸ் நகரத்துப் பெண், நொண்டிகளும் குருடர்களும் வெறும் கனவு கண்டு குணமாவதா என்று சிரித்தாள். கடவுள் அவளையும் குணமாக்கி, அவளுடைய அறியாமையின் நினைவாக ஒரு வெள்ளிப் பன்றியைக் காணிக்கையாக வைக்கச் சொன்னாராம். ஆனால் காணிக்கையில் கறார் உண்டு: பார்வை பெற்ற ஒருவன் காணிக்கை செலுத்தாமல் நழுவியதால் மறுபடியும் குருடாக்கப்பட்டான், திரும்பிவந்து படுத்த பிறகே சொஸ்தமானான் என்று இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் விலகி நின்றது இந்த இடத்தில்தான். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்பது அவர்களுக்குக் கட்டளை. சுமார் கி.பி. 180இல் எழுதிய லியோன் நகரத்துப் பேராயர் ஐரேனியஸ், சபையார் குணமாக்கும்போது பணம் வாங்குவதில்லை என்பதையே உண்மையான ஊழியத்தின் அடையாளமாகக் காட்டுகிறார். இன்றைய சுவரொட்டிகளையும் வங்கிக் கணக்கு எண்களையும் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசு முழுவதும் ஒரு கொள்ளைநோய் பரவியது. கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியன் அதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. வயிற்றுப்போக்கு, ஓயாத வாந்தி, சிவந்து எரியும் கண்கள், சிலருக்குக் கால்களே அழுகிப்போகும் நிலை என்று அறிகுறிகளை அவர் விவரிக்கிறார். அப்போது சபையாருக்குள்ளே எழுந்த கேள்வி நாம் இன்று கேட்பதுதான்: அஞ்ஞானிகளைத் தாக்குவதுபோலவே இந்த நோய் நம்மையும் ஏன் தாக்குகிறது? சிப்ரியன், உங்கள் விசுவாசம் போதாது என்று பதில் சொல்லவில்லை. விளைச்சல் பொய்த்தால் பஞ்சம் ஆள் பார்ப்பதில்லை, பாறையில் மோதின கப்பலில் எல்லாருக்கும் ஒரே கதிதான், கண்நோவும் காய்ச்சலும் இந்த உடம்பில் இருக்கிறவரைக்கும் எல்லாருக்கும் பொது என்று எழுதினார். மரணத்தைப் பற்றி அவர் சொல்கிற ஆறுதல்கள் சில எனக்கு ஒப்பவில்லை. ஆனால் செத்துக்கொண்டிருந்தவர்களின்மேல் அவர் குற்றம் சுமத்தவில்லை.

அதே காலத்தில் அலெக்சாந்திரியாவின் பேராயர் டயோனீசியஸ் எழுதிய கடிதத்தில், சபையின் மூப்பர்களும் உதவிக்காரர்களும் சாதாரண விசுவாசிகளும் நோயாளிகளைக் கிட்ட இருந்து பார்த்துக்கொண்டதையும், இறந்தவர்களின் கண்ணையும் வாயையும் மூடி, தோளில் சுமந்து, குளிப்பாட்டி அடக்கம் செய்ததையும், பிறகு தாங்களே அந்த நோயால் மடிந்ததையும் சொல்கிறார். மற்றவர்கள் உயிர் போகுமுன்பே நோயாளிகளைத் தெருவில் எறிந்தார்கள் என்று அவர் எழுதுவதில் கொஞ்சம் கட்சி மனப்பான்மை இருக்கலாம். இருந்தாலும், வாயில் ஊற்றத் தண்ணீரும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாலே பிழைப்பவர்கள் அதிகம் என்பதை, வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்துக்கொண்ட எவரும் அறிவார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவின் செசரியாவில் பேராயர் பசில், தொழுநோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு, வைத்தியர்களை வைத்து ஒரு பெரிய மருத்துவ இல்லத்தைக் கட்டியது இந்த வழியில் வந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, வட ஆப்பிரிக்கப் பேராயர் அகஸ்டின் எழுதிவைத்த ஒரு சம்பவம். ஆரம்பத்தில், அப்போஸ்தலர் காலத்து அற்புதங்கள் இப்போது தொடர்வதில்லை என்று எழுதியவர் அவர். முதுமையில் தன் கருத்தைத் திருத்திக்கொண்டு, கண்ணால் கண்டவற்றை வரிசையாகப் பதிவு செய்தார். கார்த்தேஜில் இன்னோசென்ஷியஸ் என்ற முன்னாள் வழக்கறிஞருக்கு ஆசனவாய்ப் பவுத்திரம். அறுவை செய்தார்கள், ஆழத்தில் இருந்த ஒரு பவுத்திரம் அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. முதல் அறுவையைப் பார்க்கக்கூட அனுமதிக்கப்படாத வீட்டு வைத்தியர், இன்னொரு தரம் அறுக்கவேண்டிவரும் என்று சொன்னதற்காக வெளியே துரத்தப்பட்டார். கடைசியில் அவர் சொன்னதே சரியாயிற்று. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்திருந்த பேர்பெற்ற அறுவை நிபுணர் ஒருவரை அழைத்துக் காட்டியபோது, அவரும் கத்தியைத் தவிர வேறு வழியில்லை என்றார். ஆனால் முதலில் உழைத்த வைத்தியர்களே அதை முடிக்கட்டும், அவர்களுடைய பெயரை நான் எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். (அந்த நாகரிகத்துக்காகவே அவருடைய பெயர் பதிவாகியிருக்கலாம், பதிவாகவில்லை.)

அறுவைக்கு முந்திய மாலை, வீட்டில் இழவு விழுந்ததுபோல் அழுகை. ஜெபிக்க வந்தவர்கள் முழங்கால்படியிட்டபோது, யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் நோயாளி முகங்குப்புற விழுந்து, மூச்சு அடைக்கிற அளவுக்குத் தேம்பினார். அந்தக் காட்சியைப் பார்த்து அகஸ்டினால் ஜெபிக்கவே முடியவில்லை. ஆண்டவரே, இதைக் கேட்காவிட்டால் உமது ஜனங்களின் எந்த ஜெபத்தைத்தான் கேட்பீர் என்று மனதுக்குள் ஒரே ஒரு வரி சொன்னதாக எழுதுகிறார். மறுநாள் இரும்புக் கருவிகளை எடுத்துவைத்து, கட்டை அவிழ்த்து, கையில் கத்தியோடு வைத்தியர் விரலால் தடவித் தேடினார். அங்கே கெட்டியான தழும்புதான் இருந்தது. குணமானவர் விசுவாச வீரராக நடக்கவில்லை. பயந்து நடுங்கினார், எரிந்து விழுந்தார், செத்துப்போவேன் என்றே நம்பினார். அகஸ்டின் அதில் ஒன்றையும் மறைக்கவில்லை.

குணமாகாதவர்களையும் அந்த எழுத்துகள் மறைப்பதில்லை. பவுலின் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைவரை போய்த்தான் மீண்டான். இன்னொரு உடன் ஊழியன் தீமோத்தேயுவின் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்கும் வயிற்றுக்கும் கொஞ்சம் திராட்சரசம் என்று ஆலோசனை சொல்லப்படுகிறது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுக்கப்படவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற விவரங்களுக்கு நடுவே, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று ஒரு வரி வருகிறது. ஏன் என்ற விளக்கமோ, அவனைப் பற்றிய விமர்சனமோ இல்லை.

அந்த வரியை, ஊழியக்காரர் வந்துபோன அன்று இரவே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பவுலே விட்டுட்டுத்தான் போயிருக்காரா?" என்று கேட்டவர், மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் தரச்சொல்லி, என் கையிலிருந்த வேதாகமத்தை வாங்கி, அந்த வசனத்தைத் தானே இன்னொரு தரம் வாசித்தார்.